குமுதவல்லி சாலையைக் கடந்த விதம்

தாழைக்கரை என்ற பெயரில்தான் கரை இருந்ததே தவிர, நாலுவழிச் சாலை வரும்வரை அந்த ஊருக்கு ஆறும் கிடையாது, கரையும் கிடையாது. சாலை வந்து ஊரை நடுவில் பிளந்துகொண்டு போன பிறகுதான் வீடுகள் இருந்த பக்கம் இக்கரை என்றும், சந்தையும் ஆஸ்பத்திரியும் பஸ் நிறுத்தமும் இருந்த பக்கம் அக்கரை என்றும் ஆயின. ஜனங்கள் ஆற்றில் இறங்குகிறவர்களைப் போல வேட்டியையும் புடவையையும் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வெள்ளம் கொண்டுபோவதைப் போல அந்தச் சாலையும் வருஷத்துக்கு ஒருவரையோ இருவரையோ கொண்டுபோயிற்று.

இக்கரையில், சாலையைப் பார்த்த ஜன்னல் வைத்த ஓட்டு வீட்டில், இட்லி மாவு அரைத்து விற்கும் சௌந்தரமும் அவள் மகள் குமுதவல்லியும் இருந்தார்கள். குமுதவல்லிக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். பிறந்தபோது அழ மறந்த குழந்தை என்று சௌந்தரம் சொல்வாள். எதையும் மற்றவர்களைவிட மெதுவாகத்தான் அவள் கற்றுக்கொண்டாள், சிலவற்றைக் கற்றுக்கொள்ளவே இல்லை. அந்தச் சிலவற்றை எல்லாம் அம்மாவே செய்தாள். தலை பின்னிவிடுவது அம்மா, சோற்றைப் பிசைந்து வைப்பது அம்மா, சாலைக்கு வந்தால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவதும் அம்மா. மூத்தவன் இளங்கோவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலையாக இருந்தான். பொங்கலுக்கு வருவான், தங்கைக்கு நைட்டி வாங்கி வருவான், எனக்குப் பிறகு இவளுக்கு யாரடா என்று அம்மா ஆரம்பித்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான்.

இப்படி இருக்கையில், இக்கரையில் காலியாகக் கிடந்த உரக்கிடங்கில் ஒரு வகுப்பு தொடங்கியது. மாற்றுத்திறன் உள்ள பெரியவர்களுக்கு அன்றாட வாழ்க்கையைச் சொல்லித்தரும் வகுப்பு. சொல்லித்தர வந்தவள் ஜெனிட்டா என்ற திருச்சிப் பெண். மாணவர்கள் எல்லோரையும்விட வயதில் இளையவள் என்பதால் அவர்களை அக்கா என்றும் அண்ணா என்றும் கூப்பிட்டாள், அவர்கள் அவளை மிஸ் என்றார்கள். யூரியா வாசம் போகாத அந்தக் கிடங்கில் அவர்கள் அடுப்பைப் பற்றவைக்கப் படித்தார்கள், அணைத்தோமா என்று திரும்பிப் பார்க்கப் படித்தார்கள், பால் பாக்கெட்டைச் சிந்தாமல் வெட்டப் படித்தார்கள், பிடிக்காததை வேண்டாம் என்று உரக்கச் சொல்லப் படித்தார்கள். அந்த வாரம் முழுக்க ஊரில் பல வீடுகளில் உப்புமா வேண்டாம், ரசம் வேண்டாம், இந்தச் சட்டை வேண்டாம் என்று சத்தமாகக் கேட்டது. பெற்றவர்கள் மிஸ்ஸிடம் வந்து, நல்லதாக ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்று முறையிட்டார்கள்.

சாலையைக் கடக்கும் பாடம் அதற்கப்புறம் வந்தது. கிடங்கின் தரையில் மிஸ் கோலமாவால் வெள்ளைக் கோடுகள் போட்டாள். சக்கர நாற்காலியில் வரும் மதியழகன் லாரியாக இருக்க ஒப்புக்கொண்டான். பிறவியிலேயே கை கால்கள் இறுகியவன், ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க ஒரு பீடி பிடிக்கும் நேரம் ஆகும் அவனுக்கு. லாரியாக இருப்பதில் பேச்சு வேண்டியதில்லை என்பதால் ரொம்ப சந்தோஷமாக ஹாரன் அடித்தான். வலது பக்கம் பார், இடது பக்கம் பார், மறுபடி வலது பக்கம் பார், கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டு, இடைவெளி பார்த்துப் போ. நன்றாகப் பழகிய பிறகு ஒரு காலை வேளையில் எல்லோரையும் சாலைக்கு அழைத்துப் போனாள்.

மற்றவர்கள் இடைவெளி பார்த்துக் கடந்தார்கள். குமுதவல்லியின் முறை வந்தது. அவள் வலது கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினாள். சிமெண்ட் ஏற்றி வந்த லாரி பிரேக் போடாமலே நின்றது, அதன் பின்னால் வந்த பஸ்ஸும், பஸ்ஸின் புகையும் நின்றன. மேலே பறந்த காகம் சிறகை விரித்தபடி நின்றது. அக்கரையில் டீக்கடை ஹாஜா மைதீன் ஆற்றிக்கொண்டிருந்த டீ இரண்டு குவளைகளுக்கும் நடுவே பழுப்பு நாடாவைப் போல அந்தரத்தில் நின்றது. குமுதவல்லி அவசரப்படாமல் வலது பார்த்தாள், இடது பார்த்தாள், மறுபடி வலது பார்த்தாள், நடந்து போய் அக்கரையில் ஏறினாள், கையைத் தாழ்த்தினாள். டீ குவளையில் விழுந்தது. காகம் போயிற்று.

மிஸ் கைதட்டிவிட்டாள், அப்புறம்தான் யோசித்தாள். ஹாஜா மைதீன், அடுத்த தடவை நான் ஆற்றி முடித்த பிறகு காட்டு தங்கச்சி, ஆடை கட்டிப்போகிறது என்று மட்டும் சொன்னார்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழைக்காலத்தில் மழையை எடுத்துக்கொள்வதைப் போலத்தான். என்னென்ன நிற்கிறது, என்னென்ன நிற்பதில்லை என்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். அவள் உள்ளங்கைக்கு முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் அசைவது எல்லாம் நிற்கும், முதுகுக்குப் பின்னால் இருப்பது எப்போதும்போல நடக்கும். காலும் சக்கரமும் காற்றும் நிற்குமே ஒழிய, காதும் கண்ணும் நாக்கும் நிற்பதில்லை. இதை ஊர் கண்டுபிடித்தது ஒரு கைக்குழந்தைக்காரியால். அழும் பிள்ளையை அமர்த்தலாம் என்று அவள் குமுதவல்லியின் முன்னால் கொண்டுவந்து நீட்டினாள், பிள்ளை கை கால் அசையாமல் முன்னைவிடப் பலமாக அழுதது.

வகுப்பு முடியும் நேரத்துக்கு அக்கரை போக வேண்டியவர்கள் எல்லாம் குமுதவல்லியின் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் வந்தார்கள், வாத்து மேய்க்கும் பக்கிரி தன் வாத்துகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு வந்தான். ஒரு பந்தல்காரர் மூங்கில் கட்டுகளோடு வந்தார். அவள் கையை நீட்டிக்கொண்டு முன்னே நடக்க, ஊர் அவள் பின்னே நடந்தது. தூரதேசத்து டிரைவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு தாழைக்கரை வரும்போதே வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்கள், நின்றால் மென்றுகொண்டிருக்கலாம் என்று. அந்த வருஷம் சாலை யாரையும் கொண்டுபோகவில்லை.

இதனால் அதிகம் லாபம் அடைந்தவன் மதியழகன்தான். ரேஷன் கடைக்குப் படிக்குப் பதில் சரிவுப் பாதை வேண்டும் என்று கவுன்சிலரிடம் அவன் பல வருஷமாகச் சொல்ல முயன்றிருக்கிறான். அவன் "ரேஷன்" என்பதற்குள் கவுன்சிலர் சரி சரி பார்க்கலாம் என்று நகர்ந்துவிடுவார். ஒருநாள் அவர் சாலையில் ஒரு காலைத் தூக்கிய நிலையில் நின்றுபோனபோது மதியழகன் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய், குமுதவல்லியின் தோளுக்குப் பின்னால் இருந்துகொண்டு, முழு வாக்கியத்தையும் சொன்னான். அதன்பின் இரண்டாவது வாக்கியத்தையும் சொன்னான். கவுன்சிலர் கடைசிவரை கேட்டார், வேறு வழி இல்லை. கேட்டபின்தான் அவருக்கு விஷயமே புரிந்தது என்று பிற்பாடு டீக்கடையில் ஒப்புக்கொண்டார். சரிவுப் பாதை வந்துவிட்டது.

ஆனால் ஜெனிட்டா மிஸ்ஸுக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. குமுதா அக்கா சாலையைக் கடக்கக் கற்றுக்கொண்டாளா இல்லையா? மற்றவர்கள் ஓடும் சாலையைக் கடக்கிறார்கள், இவள் நிற்கும் சாலையைக் கடக்கிறாள். இது பாடம் வந்ததாக ஆகுமா? அவள் இதை டீக்கடையில் கேட்டுவைக்க, ஊர் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அக்கரை போய்ச் சேர்ந்தாளா இல்லையா, அதைப் பாருங்கள் என்றார் ஹாஜா மைதீன். நாளைக்கு வேறு ஊர்ச் சாலை நிற்காவிட்டால் என்றான் பக்கிரி. சௌந்தரம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "கை காட்டினா நிக்குது, சரி. நான் இல்லாத அன்னிக்கு அவளுக்குக் காட்டத் தோணலேன்னா?" என்று கேட்டாள். மகள் வலது கையை நீட்டி ஊரையே நிறுத்தியிருக்கும்போதும் அவளுடைய இடது மணிக்கட்டைச் சௌந்தரம் விடாமல் பிடித்துக்கொண்டுதான் கடந்தாள்.

மார்கழி பிறந்தபோது சௌந்தரத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தஞ்சாவூரில் பார்த்துவிட்டு, இருதயம் பெருத்துவிட்டது, வீட்டுக்கே கூட்டிப்போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தார்கள், அவள் சாலையைப் பார்த்தபடி கிடந்தாள். ஒருநாள் காலை பத்து மணிவாக்கில் மூச்சு வேறு மாதிரி ஆனது. பக்கத்து வீட்டு ராஜாத்தி இளங்கோவனுக்குப் போன் போட்டாள். அவன் விடியுமுன்னே கிளம்பிப் பாதி வழியைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். போனைக் குமுதாவிடம் கொடுக்கச் சொன்னான்.

"குமுதா, நான் வந்துக்கிட்டே இருக்கேன். நான் வர்ற வரைக்கும் அம்மாவை நிறுத்தி வை."

குமுதவல்லி போனை ராஜாத்தியிடம் திருப்பிக் கொடுத்தாள், கட்டிலுக்கு எதிரே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், உள்ளங்கையைக் காட்டினாள். அம்மாவின் மூச்சு பாதியில் நின்றது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஜன்னல் திரை காற்றில் உப்பியபடி நின்றது. ஜன்னலுக்கு அப்பால் சாலை முழுக்க நின்றது.

முதலில் ஊர் வழக்கம்போலக் காத்திருந்தது. கை தாழவில்லை என்றதும் விஷயத்தைத் தெரிந்துகொண்டது, தெரிந்ததும் வேலையைப் பார்த்தது. குமுதவல்லியின் முதுகுப்பக்கம் இருந்த கொல்லை வாசல் வழியாக ஒவ்வொருவராக வந்தார்கள். ராஜாத்தி அவள் வாயில் தண்ணீர் ஊற்றினாள். நீட்டிய கை நடுங்க ஆரம்பித்தபோது மதியழகன் நாற்காலியை அவள் பக்கவாட்டில் உருட்டிவந்து நிறுத்தி, முழங்கையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டான். இறுகிப்போன தோள் அன்றைக்குத் தூணாகப் பயன்பட்டது. மிஸ் வந்து சுவரோரம் நின்றாள், என்ன சொல்வது என்று எந்தப் பயிற்சியிலும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. வெளியே லாரிக்காரர்கள் வண்டிக்கு வண்டி பேசிக்கொண்டார்கள், எந்த ஊர், என்ன சரக்கு, எத்தனை பிள்ளைகள். மீன் வண்டிக்காரர் ஒருவர், மீன் மேல் உட்கார வந்த ஈயும் நின்றுவிட்டது, பரவாயில்லை, நிதானமாக இருக்கட்டும் என்றார். அக்கரையில் ஹாஜா மைதீனின் அடுப்புத் தீ இலையைப் போல அசையாமல் நின்றது.

இளங்கோவனின் பஸ்ஸும் நின்றது. ஊருக்கு வடக்கே, சாலை நேராக வரும் இடத்தில், ஜன்னலிலிருந்து பார்த்தால் புள்ளியாகத் தெரியும் தூரத்தில் நின்றது. அவன் காதில் வைத்த போன் காதோடு நின்றுவிட்டது. ராஜாத்தியின் போனில் அவன் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஏன் பஸ் நின்றது, தாழைக்கரை வந்துவிட்டது, என்னால் எழுந்திருக்க முடியவில்லை, அம்மா இருக்கிறாளா, கையை எடுக்காதே குமுதா, எடுக்காதே.

மதியழகன் போன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "நீ வரணும்னா..." என்று தொடங்கினான். அவன் அடுத்த சொல்லைத் தேடுவதற்குள் இளங்கோவன் மறுபடி எடுக்காதே என்று கத்தினான். ராஜாத்தி போனைப் புடவைத் தலைப்பில் பொதிந்து வைத்தாள்.

அப்போது சௌந்தரம் பேசினாள். மூச்சுத்தான் நின்றிருந்தது, நாக்கு நிற்கவில்லை.

"கை வலிக்குதாடி?"

"வலிக்குது."

"எடுத்துடாதே. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும். நீ ஒத்தையில என்னடி பண்ணுவே?"

எதையும் யோசிக்கக் குமுதவல்லிக்கு நேரம் வேண்டும், அன்றைக்கு நேரம் நிறைய இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பாதியில் நின்ற மார்பைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே, கடந்துகொண்டிருக்கும்போதே நின்றுபோய், ஒரு காலைத் தூக்கியபடி பரிதாபமாக இருந்த ஒரு கிழவரைப் பார்த்தாள்.

"அம்மா, நீ நடு ரோட்டுல நிக்கிறே" என்றாள்.

சௌந்தரம் மகளின் உள்ளங்கையையே பார்த்தாள்.

"நடு ரோட்டுல நிக்கக் கூடாதும்மா. போறதுன்னா போயிடணும்."

"அந்தப் பக்கம் யார் இருக்கான்னு தெரியலையேடி."

"வலது பக்கம் பாரு. இடது பக்கம் பாரு. மறுபடி வலது பக்கம் பாரு. அப்புறம் போ."

சௌந்தரத்தால் தலையைத் திருப்ப முடியவில்லை, கண்ணை மட்டும் திருப்பினாள். வலது பக்கம் அடுப்படியும், கழுவிக் கவிழ்த்த மாவுப் பாத்திரங்களும் இருந்தன, மகள் இருந்தாள். இடது பக்கம் ஜன்னலும், நின்றுபோன சாலையும், புள்ளியாக ஒரு பஸ்ஸும் இருந்தன. மறுபடி வலது பக்கம் பார்த்தாள். இந்த முறை அடுப்படியைப் பார்க்கவில்லை, மகளை மட்டும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

குமுதவல்லி கையைத் தாழ்த்தினாள். திரை அடங்கியது. மூச்சு வெளியே வந்தது. சாலையில் கிழவர் தூக்கிய காலை ஊன்றி அக்கரை சேர்ந்தார், லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடிக்காமல் மெதுவாக நகர்ந்தன. பஸ் வந்து நிற்பதற்குள் குதித்து, வண்டிகளுக்கு நடுவே புகுந்து இளங்கோவன் ஓடிவந்தபோது அம்மாவின் கை இன்னும் சூடாக இருந்தது. குமுதவல்லி மரத்துப்போன வலது கையை மடியில் வைத்து இடது கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

கருமாதி முடியும்வரை அவன் தங்கையிடம் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் பார்த்திருப்பேன் என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னான். கருமாதிக்கு மறுநாள், ஓசூர்ப் பக்கம் ஒரு இல்லம் இருக்கிறது, நல்ல இல்லம், அங்கே சேர்த்துவிடுகிறேன், துணிமணியை எடுத்து வை என்றான்.

"வேண்டாம்" என்றாள் குமுதவல்லி. கிடங்கில் பழகிய குரலில் சொன்னதால் அது அக்கரைக்கும் கேட்டது.

அவன் கோபப்பட்டான். யார் பார்த்துக்கொள்வார்கள், காய்ச்சல் வந்தால் யார் இருப்பார்கள் என்று கேட்டான். கேள்வியில் நியாயம் இருந்தது, அதனால் கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். மதியழகன் மட்டும், "உன் பஸ்ஸு..." என்று ஆரம்பித்தான். இளங்கோவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான். குமுதவல்லி கையைத் தூக்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நிலைப்படி வரை போனவன் என்ன நினைத்தானோ, தானாகவே நின்றான். திரும்பி வந்து மதியழகன் எதிரில் உட்கார்ந்து காத்திருந்தான்.

"உன் பஸ்ஸு... நின்னுடுச்சு... நிறுத்தினது... நீதான்... அவ கையை... எடுத்ததாலதான்... நீ வீட்டுக்கே... வந்தே."

இளங்கோவன் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். குமுதவல்லி போய் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள், அடுப்பை அணைத்தாள், அணைத்தோமா என்று திரும்பிப் பார்த்தாள், பிறகு அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். அவன் குடித்தான்.

லீவை நீட்டித்துக்கொண்டு அவன் சில நாட்கள் சும்மா இருந்து பார்த்தான். முதல் நாள் மாவில் உப்பு கூடிப்போய் தெருவே முணுமுணுத்தது, அடுத்த நாள் மாவு பொங்கி அடுப்படி எல்லாம் வழிந்தது, அதற்கடுத்த நாள் ஒன்றும் ஆகவில்லை. வகுப்பில் கூடப் படிக்கும் தெய்வானை, காது கேட்காதவள், கல் போல உறுதியானவள், பெட்டியோடு வந்து தங்கிக்கொண்டாள். சாயங்காலம் போய்ப் பார்த்து வருவது ராஜாத்தி பொறுப்பு, வாரத்தில் இருமுறை மிஸ். தலை பின்னிக்கொள்ளக் குமுதவல்லிக்கு வரவே இல்லை. அதனால் கத்தரித்துக்கொண்டாள்.

இளங்கோவன் ஊருக்குக் கிளம்பிய அன்று அவனை வழியனுப்ப அவளும் சாலைவரை வந்தாள். முதுகுக்குப் பின்னால் வழக்கமான கூட்டம் சேர்ந்தது. பக்கிரியின் வாத்துகள் வந்துவிட்டன. அவள் கையை நீட்டவில்லை.

"கை காட்டலியா?" என்று அண்ணன் கேட்டான்.

"அவங்களும் எங்கியோ போகணும்ல, அண்ணே."

வந்த வண்டிகள் எல்லாம் அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தன, டிரைவர்கள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்கள், அவள் சும்மா நிற்பதைப் பார்த்துக் குழம்பிப் போய்விட்டார்கள். ஒரு வண்டி, இன்னொரு வண்டி, ஒரு நெல் டிராக்டர், ஒரு கல்யாண வேன். வாத்துகள் பொறுமையிழந்து கத்தின. ரொம்ப நேரம் கழித்து ஓர் இடைவெளி வந்தது. அவள் வலது பார்த்தாள், இடது பார்த்தாள், மறுபடி வலது பார்த்தாள், அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள், ஓடாமல் அழைத்துக்கொண்டு போனாள். கூட்டம் வாத்துகளோடு பின்னாலேயே வந்தது. இக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜெனிட்டா மிஸ், பாடம் வந்துவிட்டது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், அப்புறம் இது எந்தப் பாடம் என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

பஸ் வந்தது. இளங்கோவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டி, "ஓசூருக்கு எப்ப வர்றே?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் இதை அவளிடம் அவன் கேட்டதில்லை.

"பஸ்ஸு ஏறுறது அடுத்த பாடம். படிச்சிட்டு வர்றேன்" என்றாள் குமுதவல்லி.

இது டீக்கடை முழுக்கக் கேட்டது. அன்று சாயங்காலமே ஹாஜா மைதீன் மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாடத்தில் என்னென்ன வரும் என்று விசாரித்தார். போர்டைப் படிப்பது, டிக்கெட் வாங்குவது, இறங்க வேண்டிய இடம் வந்ததும் இறங்குவது, அவ்வளவுதான் அண்ணே என்றாள் மிஸ். அவ்வளவுதானா என்று அவர் திரும்பக் கேட்டார். அவ்வளவுதான் என்றாள். ஊரில் யாரும் நம்பவில்லை. எந்தெந்த ஊருக்குப் போகும், இல்லாத ஊருக்கும் போகுமா, வாத்துகளை ஏற்றுவார்களா என்று பேச்சு இரு கரையிலும் ஓடியது. திங்கட்கிழமை காலை மிஸ் வந்து கிடங்கைத் திறந்தபோது, வகுப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கூட்டம், தலைவாரிப் பொட்டு வைத்து, மடியில் பையோடு, வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தது.